காலம் வரும்போது ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தெஹிவளை மாமரத்தடி
2025 பெப்ரவரி 9

எனக்கு 59 வயது, மனைவிக்கு 56. பிள்ளைகள் இருவரும் கனடாவில் குடியுரிமை பெற்றுவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரப்போவதில்லை, வரும்படி கேட்கும் எண்ணமும் எங்களுக்கு இல்லை. தெஹிவளையில் சொந்த வீடு இருக்கிறது. 2021இல் கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதி நிலையான வைப்பில் இருக்கிறது. மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். முதியோர் இல்லத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். இயலாத காலம் வரும்போது ஏஜென்சி மூலம் ஓர் ஆளை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் திட்டம். காசு இருந்தால் கொழும்பில் ஆள் கிடைக்காமலா போகும்? இதற்கு மேல் இப்போதே திட்டமிட என்ன இருக்கிறது?

பழைய கணக்காளர்
2025 பெப்ரவரி 10

தம்பி, உங்கள் திட்டத்தில் எனக்கு இடறுவது "காலம் வரும்போது" என்ற இரண்டு சொற்கள்தாம். என் அம்மாவுக்கு அந்தக் காலம் 2016இல் ஒரு விடியற்காலை ஐந்து மணிக்குக் குளியலறை வாசற்படியில் வந்தது. அப்போது அவருக்கு 85 வயது. முதல்நாள் மாலை வெள்ளவத்தைச் சந்தைக்குத் தானே நடந்து போய் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிவிட்டு வந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து, அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடிந்து, பன்னிரண்டாம் நாள் காலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலைக்குள் உயர்த்தி இறக்கும் கட்டில், கொமோட் கதிரை, இரவில் கூட இருக்க ஓர் ஆள் ஆகிய எல்லாவற்றையும் நான் தேட வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் தொலைபேசியை முதலில் எடுத்த ஏஜென்சியிடமே போனேன். பதிவுக் கட்டணத்தையும் ஒரு மாத முற்பணத்தையும் வாங்கிக்கொண்ட அவர்கள் ஆறு மாதத்தில் ஏழு பேரை அனுப்பினார்கள். ஏழு பேருக்கும் அம்மாவின் மருந்துகளை முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான்.

"வீட்டோடு ஓர் ஆள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கணக்காளர் என்பதால் இதைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலங்கள். படுக்கையோடு இருக்கும் ஒருவரைப் படுக்கைப் புண் வராமல் காப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவுக்கும் அதே கணக்குத்தான். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழும்புகின்ற ஒருவர் காலையில் குளிக்க வைக்கவும் சமைக்கவும் துணி தோய்க்கவும் முடியுமா? பத்து நாள் முடியும். பதினோராம் நாள் அவர் தன் ஊரில் யாருக்கோ சுகமில்லை என்று சொல்லிப் போய்விடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. உட்கார்ந்து எழும்பக்கூடிய ஒருவருக்கு ஓர் ஆள் போதும். படுக்கையில் விழுந்தவருக்கு இரண்டு பேர் வேண்டும், மூன்றாவதாக ஒருவரின் தொலைபேசி இலக்கமும் வேண்டும்.

நேர்மையான ஆளைத் தேடுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன்.

பழைய கணக்காளர்
2025 பெப்ரவரி 11

செலவு எவ்வளவு என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். என் பேரேட்டின்படி 2016இல் பகல் ஆளுக்கு நாளொன்றுக்கு 1,400 ரூபாயும் 2022 இறுதியில் 3,000 ரூபாயும் கொடுத்தேன். இவை என் வீட்டுக் கணக்கு மாத்திரமே. இன்றைய விலையை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். பம்பர்ஸ், கையுறை, களிம்பு, ஆளின் மூன்று வேளைச் சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் பஸ் காசு, தீபாவளி உடுப்பு ஆகியவை இதில் சேரவில்லை. சில மாதங்களில் அவை சம்பளத்தின் அரைவாசியைத் தொட்டன.

பழைய கணக்காளர்
2025 பெப்ரவரி 11, இரவு

மேலே எழுதியதில் மிகப் பெரிய செலவை விட்டுவிட்டேன். அறுபது வரை வேலை செய்திருக்கக்கூடிய நான் 57இல் வேலையை விட்டேன். மூன்று ஆண்டுச் சம்பளமும், அதனோடு சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 வீதமும் போயின. இந்தத் தொகையை நான் எந்தப் பேரேட்டிலும் பதியவில்லை. குடும்பத்தில் ஒரு பெண் வேலையை விட்டால் அதை யாரும் செலவாகப் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய நானே பார்க்கவில்லை.

பழைய கணக்காளர்
2025 பெப்ரவரி 16

இன்று வீட்டைப் பற்றி. தம்பி, ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் குளியலறைக் கதவை அளந்து பாருங்கள். எங்கள் தொடர்மாடியில் அது இரண்டு அடிதான். சாதாரணச் சக்கர நாற்காலி அதைவிட அகலமானது. ஆகவே அம்மாவை வாசலில் நாற்காலியிலிருந்து தூக்கி, உள்ளே பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, குளித்த பின் ஈரத்தோடு மறுபடியும் தூக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தூக்கல். என் முதுகு இன்றுவரை அதைக் கணக்கு வைத்திருக்கிறது. கதவை அகலமாக்கவும், வாசற்படியை இடித்துத் தரையைச் சமமாக்கவும், சுவரில் இரண்டு கைபிடி பூட்டவும் ஒரு மேசனுக்கு நான்கு நாள் போதும். படுக்கையில் நோயாளி இருக்கும்போது அந்த நான்கு நாளை எங்கே எடுப்பது?

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். லிப்ட் நின்றது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஆனால் லிப்டைவிட என்னைக் கலங்கடித்தது காற்று மெத்தைதான். படுக்கைப் புண்ணைத் தவிர்ப்பதற்காக வாங்கிய அந்த மெத்தை சிறிய மின்பம்பியால் காற்றை மாற்றி மாற்றி அடைப்பது. மின்சாரம் போனதும் அது மெல்ல மெல்ல இறங்கி, அம்மாவின் முதுகு கட்டில் சட்டத்தில் போய்ப் படிந்தது. பழைய இலவம்பஞ்சுத் தலையணைகளைக் கிழித்து நான்கு சிறிய மெத்தைகளாகத் தைத்து, குதிக்கால், இடுப்பு, முழங்கை, தோள் என்று அணை கொடுத்து அந்த மாதங்களைக் கடந்தோம். அந்தத் தையல் வேலையைச் செய்தவள் மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை. அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பழைய கணக்காளர்
2025 பெப்ரவரி 23

"எத்தனை வயது வரை காசு போதுமாக இருக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இதற்கு எழுத்திலேயே விடை இருந்தது. அம்மாவின் சாதகத்தில் ஆயுள் 78 என்று கண்டிருந்தது. அப்பா அதை நம்பி, அம்மாவின் பெயரிலிருந்த வைப்பை 2009 வரைக்கும் போதுமாக வகுத்து வைத்துவிட்டுப் போனார். அம்மா 78ஐக் கடந்த அன்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, "இனி வாறதெல்லாம் போனஸ்" என்றார். அந்தப் போனஸ் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. மேற்கொண்டு செலவுக்குப் பொறுப்பு நானும் அப்பாவின் உத்தியோகத்தால் வந்த விதவைகள் ஓய்வூதியமும்.

சாதகத்தைப் பார்த்துச் சிரிப்பது எளிது. வங்கியை நம்பிய நான் மாத்திரம் என்ன செய்தேன்? 60 வயதைக் கடந்தவர்களின் வைப்புக்கு 15 வீத வட்டி என்று 2015இல் வந்தபோது அதை ஆயுள் முழுவதற்குமான ஏற்பாடாக எண்ணினேன். எனக்கு 60 ஆனது 2019இல். அது 2022இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். தம்பி, உங்கள் 2021ஆம் ஆண்டுச் சேமலாப நிதி ரூபாயில் குறையாமல் அப்படியே இருக்கலாம். அது வாங்கக்கூடிய பராமரிப்பு நாட்களின் எண்ணிக்கையை எழுதிப் பாருங்கள். நான் இப்போது என் சேமிப்பை ரூபாயில் எழுதுவதில்லை. ஓர் ஆளின் ஒரு நாள் கூலியால் வகுத்து, நாட்களாக எழுதுகிறேன். தொகை பெரியதாகத் தோன்றினாலும் நாட்கள் குறைவாகவே வருகின்றன.

பழைய கணக்காளர்
2025 மார்ச் 1

மொழியைப் பற்றி எவரும் கேட்கவில்லை, ஆயினும் எழுதுகிறேன். ஏஜென்சி அனுப்பிய ஏழு பேரில் ஐந்து பேர் சிங்களம் மாத்திரம் பேசுபவர்கள். அவர்களில் இருவர் உண்மையிலேயே கைராசிக்காரர்கள். அம்மா அறுபது ஆண்டுகள் கொழும்பில் வாழ்ந்தவர், கடைச் சிங்களம் நன்றாகப் பேசுவார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நோவோடு விழிக்கும் ஒருவருக்குக் கடைச் சிங்களம் வாயில் வராது. வந்தாலும் அதில் நோவுக்கு அவரிடம் இருந்தது "ரிதெனவா" என்ற ஒரே சொல். அம்மாவின் தமிழில் உளைவு வேறு, குத்து வேறு, எரிவு வேறு, விறைப்பு வேறு, அந்தரம் வேறு, அரியண்டம் வேறு. "நெஞ்சு நோகுது" என்றால் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும், "நெஞ்சு அந்தரமாக் கிடக்கு" என்றால் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவற்றை ஒரே சொல்லால் கேட்டால் இரண்டில் ஒன்று தவறிப்போகும்.

தமிழ் பேசும் ஆள் கிடைத்தால் இது தீர்ந்துவிடும் என்று எண்ணியதும் முழுவதும் சரியில்லை. 2019இல் வந்த பொகவந்தலாவைப் பிள்ளைக்கு உளைவு என்றால் என்னவென்று தெரியாது. அம்மா மூன்று நாள் "கால் உளையுது" என்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் காலைத் துடைத்துக் களிம்பு பூசி, அதன் பிறகும் ஏன் முனகுகிறார் என்று தெரியாமல் என்னிடம் வந்தாள். நான் விளக்கியதும், "ஓ, குடைச்சலா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் பிடித்துவிட்டாள். அன்று ஒரு கொப்பியை எடுத்து அம்மாவின் சொற்களையும் அவளுடைய சொற்களையும் எதிரெதிராக எழுதத் தொடங்கினோம். அதில் கடைசியில் 43 சொற்கள் இருந்தன. ஓங்காளமும் (குமட்டல்) அதில் ஒன்று.

என் கொப்பியை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். அதில் முதல் வரி: எனக்கு நோ வந்தால் நான் பேசமாட்டேன், சண்டை பிடிப்பேன்.

பழைய கணக்காளர்
2025 மார்ச் 2

முதற்குறிப்பில் நேர்மையான ஆளைப் பற்றி எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

2017இல் அம்மாவின் மோதிரம் காணாமற்போனது. அப்போதிருந்த நான்காவது ஆளிடம் நான் நேரடியாகக் கேட்கவில்லை, கேட்காமலே கேட்டேன். அலுமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளுடைய பைக்கு அருகில் போய் நின்றேன். அவள் மறுநாள் காலையில் கூலியையும் வாங்காமல் போய்விட்டாள். ஒன்பது நாளின் பின் தலையணை உறையைத் தோய்க்கப் போட்டபோது மோதிரம் வாளியில் விழுந்த சத்தம் கேட்டது. படுத்த படுக்கையில் விரல் மெலிந்துபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஏஜென்சி அவளுடைய இலக்கத்தைத் தர மறுத்தது. அந்தக் கூலி இன்றும் என் பேரேட்டில் கொடுக்கவேண்டிய கடனாகவே நிற்கிறது.

ஆகவே ஆளைப் பதிவு செய்யும்போது அடையாள அட்டைப் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் வாங்குங்கள், அது முறை. அதற்கு முன் நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். வீட்டில் தொலைவதற்குப் பொருள் இருக்கக்கூடாது. அது உங்கள் பொருளைக் காப்பதைவிட அந்தப் பெண்ணின் மானத்தைக் காக்கும்.

பழைய கணக்காளர்
2025 மார்ச் 15

சட்டப் பத்திரங்கள். இதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். என் பெறாமகனுக்கு அற்றோணித் தத்துவம் (என் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் நினைவிழந்தால் அவன் என் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்வான். மரண சாசனம் எழுதுவதற்கு இரண்டு சாட்சிகள் போதும். வீட்டைப் பிள்ளைகளுக்கு இப்போதே நன்கொடை உறுதியாக எழுதுகிறவர்கள் தங்களுக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமையை) ஒதுக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடை உறுதியைக் கூட, பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தால் நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் 85 வயதில் வழக்குக்கு யார் அலைவது?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்படி தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி முதியோருக்கான பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். எனக்குப் பிள்ளைகள் இல்லாததால் அந்தச் சட்டத்தால் எனக்குப் பயனும் இல்லை, பயமும் இல்லை.

பழைய கணக்காளர்
2025 மார்ச் 18

மேலே எழுதியதில் இரண்டு பிழைகள். ஒன்றை "பம்பலப்பிட்டிப் பேரன்" என்ற வாசகர் சுட்டிக்காட்டினார்; மற்றதை நேற்று நொத்தாரிசிடம் போனபோது நானே தெரிந்துகொண்டேன்.

மரண சாசனத்துக்கு இரண்டு சாட்சிகள் போதும் என்பது நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் குறைந்தது ஐந்து சாட்சிகள் வேண்டும்.

இரண்டாவது பிழை பாரதூரமானது. தத்துவம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அற்றோணித் தத்துவமும் அத்துடன் செல்லாததாகிவிடுகிறது. அதாவது நான் எந்த நாளுக்காக அதை எழுதினேனோ அந்த நாளில் அது வெறும் காகிதம். அதன் பின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அவருடைய சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும்படி கேட்க வேண்டும். எட்டு ஆண்டுகளாக இந்தப் பத்திரத்தை அலுமாரியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போதைக்கு நான் செய்தது, ஆறு மாதச் செலவுக்கான தொகையைப் பெறாமகனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கொன்றில், இருவரில் எவரும் தனியே எடுக்கக்கூடியதாக, வைத்ததுதான். இது அவன்மீது உள்ள நம்பிக்கையைப் பொறுத்தது, எல்லோருக்கும் பொருந்தாது.

பழைய கணக்காளர்
2025 ஏப்ரல் 17

புத்தாண்டுக்கு ஆள் போய்விட்டார், என்ன செய்வது என்று ஒரு வாசகர் கலங்கி எழுதியிருந்தார். இதை வாசிக்கும்போது அவருடைய ஆள் திரும்பி வந்திருப்பார் என்று நம்புகிறேன். சித்திரையில் சிங்கள ஆளும் தமிழ் ஆளும் ஒரே நாளில் ஊருக்குப் போவார்கள். தீபாவளிக்கு மலையகப் பிள்ளைகள் ஒரு கிழமை போவார்கள். தைப்பொங்கலுக்குக் குறைந்தது மூன்று நாள். ஆறு ஆண்டுகளில் ஆள் இல்லாமல் நான் தனியே கழித்த நாட்கள் 211 என்று பேரேடு சொல்கிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் அந்த நாட்களைக் குறித்து, பகலுக்கு மாத்திரம் வரக்கூடிய ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். முஸ்லிம் குடும்பத்திலிருந்து வரும் ஒருவர் கிடைத்தால் ஏப்ரல் பிரச்சினை தீரும். நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் விடுமுறை கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அந்தப் பொகவந்தலாவைப் பிள்ளை 2022 டிசம்பரில் அம்மா இறக்கும் வரை எங்களோடு இருந்தாள். வீட்டுப் பணியாளர்கள் சேமலாப நிதிச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். ஆகவே அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அலுவலகத்தில் எனக்குப் போட்ட அதே 12 வீதத்தை மாதந்தோறும் போட்டு வந்தேன். தாராள மனத்தால் செய்ததாக எண்ண வேண்டாம். அவள் போய்விடக்கூடாது என்ற பயத்தாலும் செய்தேன். அந்தக் காசில் ஒரு பங்கைக் கொண்டு பராமரிப்புப் பயிற்சி பெற்று, அவள் இப்போது இஸ்ரேலில் யாரோ ஒருவரின் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். தம்பி, உங்கள் பிள்ளைகள் கனடாவில் இருப்பதை எழுதினீர்கள். உங்களைப் பார்க்கப் போகிறவரின் பிள்ளையும் விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்காளர்
2025 மே 4

பிள்ளைகள் கனடாவிலிருந்தே கமெரா மூலம் பார்த்துக்கொள்வார்களே என்று தெஹிவளைத் தம்பி கேட்கிறார்.

எங்கள் வீட்டிலும் கமெரா இருந்தது. டொரொன்டோவிலிருக்கும் என் அண்ணா 2020இல் வாங்கி அனுப்பினார். அவருக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். எங்கள் காலைக் குளிப்பு நேரம் அவருக்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். ஒருநாள் அவர் கோபத்தோடு அழைத்து, கமெரா ஒரு மணித்தியாலமாக இருட்டாக இருக்கிறது, அந்தப் பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்றார். போய்ப் பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு துடைக்கும் நேரத்தில் அவள் கமெராவின் மேல் தன் தாவணித் துணியைப் போட்டிருந்தாள். "பாட்டிக்குக் கூச்சம் மிஸ், மகன் பார்ப்பாரே" என்றாள். அம்மா அப்போது ஆட்களை மறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அம்மாவின் கூச்சத்தை அம்மாவே மறந்திருக்க, நினைவில் வைத்திருந்தவள் அவள்தான். நான் அண்ணாவிடம் கமெரா பழுது என்று சொல்லிவிட்டேன்.

கமெரா வேண்டாம் என்று சொல்லவில்லை. விழுந்தால் அது காட்டும். காட்டிய பின் கதவைத் திறந்து உள்ளே வர ஒருவர் வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

பழைய கணக்காளர்
2025 மே 25

பெப்ரவரியிலிருந்து எழுதியவற்றை இன்று திரும்ப வாசித்தேன். ஆள், காசு, கதவு, பத்திரம், கமெரா எல்லாவற்றையும் எழுதிய நான் ஒன்றை எங்கேயும் எழுதவில்லை. அம்மாவின் பராமரிப்பு ஆறு ஆண்டுகள் நடந்தது ஏழு ஆட்களாலும் பொகவந்தலாவைப் பிள்ளையாலும் என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு மருந்து சொல்லிக் கொடுத்தது, படுக்கைப் புண்ணின் முதல் சிவப்பைக் கண்டது, ஏஜென்சியோடு சண்டை பிடித்தது, தவறாகச் சந்தேகித்தது, 211 நாள் தனியே நின்றது, கமெராவைப் பற்றிப் பொய் சொன்னது எல்லாம் நான். அம்மாவுக்கு நான் இருந்தேன். எனக்கு 66 வயது, தனியாக இரண்டாம் மாடியில் இருக்கிறேன். என் திட்டத்தில் எல்லாம் இருக்கிறது, நான் இல்லை.

தம்பி, உங்கள் கேள்விக்கு நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய எதிர்க்கேள்வி இதுதான்: நீங்கள் வைக்கப்போகும் ஆளை, உங்களுக்கு இயலாதபோது, கிழமைக்கு இரண்டு முறை வந்து பார்க்கப் போகிறவர் யார்? பதில் உங்கள் மனைவியாக இருந்தால், அவருக்கும் அதே கேள்வி வரும். கண்ணுக்குத் தெரியாதவர் கூலி கொடுக்கும் வீட்டில், எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் மூன்றாம் மாதத்தில் களைத்துப்போவாள். அவளிடம் "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்கவும் ஒருவர் வேண்டும்.

முதியோர் இல்லத்துக்குப் போகவே கூடாது என்ற முடிவையும் மறுபடி யோசித்துப் பாருங்கள். வந்து பார்க்க ஒருவரும் இல்லாத வீட்டைவிட, நாலு பேர் நடமாடும் ஒரு நல்ல இல்லம் எனக்கு இப்போது அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. பெப்ரவரியில் கேட்டிருந்தால் வேறுமாதிரிச் சொல்லியிருப்பேன்.

பழைய கணக்காளர்
2025 ஜூன் 22

என் மேல்மாடியில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், மகன் மெல்பேர்னில். பதினெட்டு ஆண்டுகளாகப் படிக்கட்டில் சிரிப்போம், வெசாக்குக்கும் தீபாவளிக்கும் தட்டு மாற்றுவோம், அதற்கு மேல் போனதில்லை. இரண்டு கிழமையாகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு, நேற்று மாலை மேலே ஏறிப் போய், என் வீட்டுச் சாவியொன்றை வைத்துக்கொள்வீர்களா, நான் விழுந்தால் வந்து பார்ப்பீர்களா, ஆள் வைத்தால் கிழமைக்கு இரண்டு முறை எட்டிப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். என் சிங்களம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது.

அவர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். மறுத்துவிட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு சாவியும் நீலக் கோப்பொன்றும் இருந்தன. அவரும் சில மாதங்களாக என்னிடம் இதையே கேட்க நினைத்து, தன் மருந்துப் பட்டியலையும் மகனின் இலக்கத்தையும் எழுதி வைத்திருந்தாராம். எனக்கு வாசிக்கக் கடினமாக இருக்கும் என்று ஒவ்வொரு வரியின் கீழும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார். முதற்பக்கத்தில் சீனி வருத்தம், இரண்டாம் பக்கத்தில் பென்சிலின் ஒவ்வாது, மூன்றாம் பக்கத்தில் வானொலியில் பிரித் (பௌத்த ஓதல்) ஒலிக்கும்போது நிறுத்தக்கூடாது.

ஒருவருக்கு 66, மற்றவருக்கு 71. இருவரும் ஒரே கிழமையில் விழுந்தால் என்ன செய்வது என்று அவரே கேட்டார். கீழ்மாடியில் புதிதாக வந்திருக்கும் இளம் தம்பதியைத் தேநீருக்கு அழைப்பதாக முடிவு. சனிக்கிழமை மேசன் வருகிறான். என் குளியலறைக் கதவை முடித்துவிட்டு அவருடையதையும் அளந்து போகச் சொல்லியிருக்கிறேன்.